கேட் போட்ட பிறகு முந்தலாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: விளையாட்டில் நேர்மையைக் காப்பது விதியா? மனமா? 'மனமே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களே! "விதியே, விதியே" என்று முழங்கிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணிப் பெருமக்களே! என் அணித் தோழர்களே! ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று நாலு பக்கமும் இருந்து இந்தத் திருவொற்றியூருக்கு வந்து, மேடைக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு நேரே இங்கே வந்திருக்கிற தொழிலாளத் தோழர்களே! வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கப் போகிற குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ரொம்ப நல்லாப் பேசினாங்க. "விதி இல்லேன்னா விளையாட்டு இல்லை, சண்டைதான் இருக்கும்" என்றார்கள். அம்மா, நான் மறுக்கவில்லை. ஆனா தலைப்பு என்ன? நேர்மையை உண்டாக்குவது எது என்று கேட்கவில்லை. *காப்பது* எது என்று கேட்கிறார்கள். வீட்டுக்குக் கதவு தச்சன் செய்யலாம். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போடுகிறவன் வீட்டுக்காரன்தானே! (கைதட்டல்)

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டு வந்திருப்பது கார் பந்தயம். "தமிழ் வாத்தியாருக்கும் கார் பந்தயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். தேர் ஓட்டிக் கன்றைக் கொன்ற மகனை நீதிக்கு முன்னால் நிறுத்திய மனுநீதிச் சோழன் கதையை 30 வருஷமா வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேகத்துக்கும் நீதிக்கும் வழக்கு வந்த முதல் இடமே தமிழனுக்குத் தேர்ச்சக்கரத்தின் கீழேதான்!

அதைவிட முக்கியம், நான் நிற்கிற மண். 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தவர் மாம்மன் மாப்பிள்ளை. அந்தப் பலூன்தான் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்து பந்தயத் தளம் வரைக்கும் போனது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் சென்னைக்குக் குடிவந்தது. திருவொற்றியூர் அதன் ஊரானது. இங்கிருந்து வடக்கே கொஞ்சம் போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுபாதை. போர் முடிந்து விமானம் போச்சு, கார் வந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் திறந்தது. டயர், இன்ஜின், ஓடுபாதை மூன்றையும் பார்த்த ஊரில் கார் பந்தயம் பேசாமல் வேறெங்கே போய்ப் பேசுவது? (கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் 'சேஃப்டி கார்' என்று ஒன்று உண்டு. பாதுகாப்புக் கார். நம்ம ஊர் ஆளுக்கு இதைப் புரியவைக்க ரெண்டு நிமிஷம் வேண்டாம். ரயில்வே கேட் போட்டாச்சுன்னு வையுங்க. அரை மணி நேரம் முன்னாடி கிளம்பி, அடிச்சுப் புடிச்சு முதல்ல வந்தவனும் கேட்டில் நிற்கிறான். டீ குடிச்சுட்டு மெதுவா வந்தவனும் அவன் பின்னாடியே வந்து ஒட்டிக்கிட்டு நிற்கிறான். யாரும் முந்தக் கூடாது. கேட் தூக்கினதும் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். அதுதான் சேஃப்டி கார்! தளத்தில் ஒரு கார் மோதிக் கிடக்கிறது. அதை எடுக்க ஆட்கள் உள்ளே போக வேண்டும். அவர்கள் உயிர் முக்கியம். அதனால் ஒரு கார் முன்னால் மெதுவாக ஓடும், மற்றவை எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். 20 நொடி முன்னே இருந்தவனுடைய 20 நொடியும் காற்றிலே போச்சு!

நியாயமா? முன்னால் இருந்தவனுக்கு நியாயமில்லைதான். ஆனால் கீழே கிடக்கிறவனுக்கு அது நியாயம். வேகமாக வந்தவனுடைய நொடியைப் பிடுங்கி, விழுந்தவனுடைய உயிருக்குக் கொடுக்கிறது அந்த ஏற்பாடு. மகாபாரதப் போரிலும் இந்த விதி இருந்தது. ஆயுதம் இல்லாதவனை அடிக்காதே என்று பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்ணன் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது. இறங்கித் தூக்குகிறான். "கொஞ்சம் பொறு" என்கிறான். அந்த நேரத்தில் அர்ச்சுனனுக்கு அம்பு விடச் சொல்லி உத்தரவு எங்கிருந்து வந்தது? தேரோட்டி ஆசனத்திலிருந்து! சேஃப்டி கார் விதியை உடைத்ததும் அங்கேதான். 'டீம் ஆர்டர்' என்கிற அணி உத்தரவு பிறந்ததும் அங்கேதான்! (சிரிப்பு, கைதட்டல்)

சேஃப்டி கார் வரலாற்றைப் பாருங்கள். 1973-ல் கனடா பந்தயத்தில் மழை, மோதல், குழப்பம். சேஃப்டி காரை உள்ளே விட்டார்கள். அது முதலில் ஓடுகிற காருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எந்தக் கார் முதல் என்று தெரியாமல் வேறொரு காருக்கு முன்னால் போய் நின்றது! பந்தயம் முடிந்த பிறகு, ஜெயித்தது யார் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பீட்டர் ரெவ்சன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஃபார்முலா ஒன் விதிகளில் அது முறையாக இடம் பிடித்தது 1993-ல். "பார்த்தீர்களா, விதி வந்த பிறகு ஒழுங்கு வந்தது" என்று எதிரணி துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுங்க.

2008, செப்டம்பர். சிங்கப்பூர். முதல் இரவுப் பந்தயம். ரெனால்ட் அணியில் இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் அலோன்சோ, 15-வது இடத்திலிருந்து புறப்பட்டவர். ஜெயிக்க வழியே இல்லை. ஆனால் எல்லோருக்கும் முன்னதாகவே பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த இரண்டாம் சுற்றில் அதே அணியின் இன்னொரு ஓட்டுநர், நெல்சன் பிக்கே ஜூனியர், சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. கேட் போட்டாச்சு! மற்றவர்கள் பெட்ரோலுக்கு நின்றபோது அலோன்சோ முன்னே வந்து ஜெயித்தே விட்டார். மறு வருஷம்தான் உண்மை வெளியே வந்தது. அது விபத்து இல்லை. "போய் மோது" என்று அணி சொல்லி, வேண்டுமென்றே மோதியது!

யோசித்துப் பாருங்கள். உயிரைக் காக்க எழுதிய விதி. அதை வைத்தே ஒரு இளைஞனைச் சுவரில் மோதவிட்டார்கள். விதியை அவர்கள் மீறவா செய்தார்கள்? விதியை வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள்! கூர்க்காவையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு திருடுகிற வீட்டில் எத்தனை பூட்டுப் போட்டு என்ன பிரயோசனம்? (கைதட்டல்)

அன்றைக்கு முன்னணியில் இருந்தவர் பிரேசில்காரர் ஃபிலிப்பி மாஸா. அந்த சேஃப்டி கார் நேரத்தில் அவசர அவசரமாக பெட்ரோல் போட்டு, குழாய் காரில் மாட்டியிருக்கும்போதே புறப்பட்டுவிட்டார். 13-வது இடம், புள்ளி பூஜ்யம். அந்த வருஷ சாம்பியன் பட்டத்தை ஹாமில்டனிடம் இழந்தது எத்தனை புள்ளியில் தெரியுமா? ஒரே ஒரு புள்ளி! 2024-ல் லண்டன் நீதிமன்றத்துக்கே போய் வழக்குப் போட்டார் மனுஷன். அந்த மாஸாவை மறந்துவிடாதீர்கள். திரும்பவும் வருவார்.

இப்போது அணி உத்தரவு. ஒரே அணியில் இரண்டு பேர். "நீ விடு, அவன் போகட்டும்" என்று முதலாளி சொல்வது. 2002, ஆஸ்திரியா. ஃபெராரி அணியின் பாரிச்செல்லோ முன்னால் ஓடுகிறார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. உத்தரவு வந்தது. வேகத்தைக் குறைத்தார், பின்னால் வந்த ஷூமாக்கர் முந்தினார். அது அந்தப் பருவத்தின் 6-வது பந்தயம்தான். ஷூமாக்கர் ஏற்கெனவே எட்டாத தூரத்தில் முன்னே இருந்தார். தேவையே இல்லை! கூட்டம் கூச்சல் போட்டது. வெட்கப்பட்ட ஷூமாக்கர் மேடையில் முதல் படியில் பாரிச்செல்லோவை ஏற்றி நிறுத்தினார். சம்மேளனம் 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எதுக்கு? வெற்றியை மாற்றியதற்கு என்று நினைப்பீர்கள். இல்லை! மேடையில் படி மாறி நின்றதற்கு! (பலத்த சிரிப்பு) ஜெயித்தவனை மாற்றலாம், படியை மாற்றக் கூடாது. இதுதான் அம்மா, நீங்கள் பெருமையாகச் சொன்ன விதி!

அப்புறம் ரோஷம் வந்தது. 2003 முதல் அணி உத்தரவுக்குத் தடை. நல்லது. தடை வேலை செய்ததா? 2010, ஜூலை 25, ஜெர்மனி. அதே ஃபெராரி. முன்னால் ஓடுகிறவர், சொன்னேனே, அதே மாஸா! சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், 2009 ஜூலை 25 அன்று, ஹங்கேரியில் இன்னொரு காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் தலையில் அடித்து, பிழைப்பாரா என்று உலகம் பயந்த மனிதர். பிழைத்து எழுந்து, அதே தேதியில் முதலில் ஓடுகிறார். காதில் ஒரு செய்தி: உனக்குப் பின்னால் வருகிற ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகம், புரிகிறதா? அவ்வளவுதான். "வழி விடு" என்று சொல்லவில்லை. தடை செய்த வார்த்தை எதுவுமே அதில் இல்லை. மாஸா புரிந்துகொண்டார். வழி விட்டார். அபராதம் ஒரு லட்சம் டாலர். வெற்றி வெற்றியாகவே நின்றது. 2011-ல் அந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள்.

இந்த மாதிரி சூட்சுமத்துக்கு உதாரணம் தேடி நாம் ஜெர்மனி போக வேண்டாம். இந்தத் திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தைக் கேளுங்கள்! சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். அந்தப் பெண்ணோ, "என்னைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யட்டும்" என்கிறாள். இவர் என்ன செய்தார்? சுவாமியிடமே போய், "நான் சந்நிதியில் சத்தியம் செய்கிற நேரம் நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்றார். சுவாமி இல்லாத இடத்தில் செய்தால் சத்தியம் சத்தியம் ஆகாதாம்! விதியிலே ஓட்டை! ஆனால் சுவாமி யார்? சங்கிலியார் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார். சேக்கிழார் சொல்கிற கதை. சத்தியம் செய்தார், பிறகு ஆரூர் நினைவு வந்து புறப்பட்டார், ஒற்றியூர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று.

நான் இதிலே பார்க்கிறது ஒன்றுதான். ஓட்டை தேடுகிற மனம் இருந்தால் கடவுள் முன்னால் செய்கிற சத்தியத்திலேயே ஓட்டை தேடும். அங்கே ஓட்டையை அடைக்கக் கடவுளே இருந்தார். பந்தயத்துக்கு விதி எழுதுகிறவர் மனிதர் ஐயா! அவரும் எத்தனை ஓட்டையைத்தான் அடைப்பார்?

நான் வார்த்தை பார்க்கிற வாத்தியார். ஒரு வார்த்தையால் ஒரு பட்டம் போன கதை சொல்கிறேன். 2021, டிசம்பர் 12, அபுதாபி. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சரியாக 369.5 புள்ளியில் சமமாக நின்ற கடைசிப் பந்தயம். 58 சுற்றில் 53-ஆம் சுற்று. லட்டிஃபி என்ற ஓட்டுநர் மோதினார். சேஃப்டி கார் வந்தது. முன்னால் இருந்த ஹாமில்டனின் இடைவெளி கரைந்தது. ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் இருவருக்கும் நடுவில் நின்றன. பந்தய இயக்குநர் மைக்கேல் மாஸி என்ன செய்தார்? நடுவில் நின்ற 5 கார்களை மட்டும் முந்திப் போகச் சொன்னார், மற்றதை விடவில்லை. ஒரே ஒரு சுற்று மிச்சம் வைத்துப் பந்தயத்தைத் திறந்தார். புது டயரில் இருந்த வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றில் முந்தினார், பட்டம் அவருக்கு.

புத்தகத்தில் 'எந்தக் கார்களும்' என்று பொருள்படுகிற ஒரு சொல் இருந்ததாம். 'எந்த' என்றால் சிலதாகவும் இருக்கலாம், எல்லாமாகவும் இருக்கலாம் என்று வாதம்! 2022-ல் சம்மேளன அறிக்கை வந்தது: மனிதத் தவறு, ஆனால் முடிவு மாறாது. 'எந்த' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எல்லா' என்று மாற்றினார்கள். இனி அந்த ஓட்டை இல்லை. அடுத்த ஓட்டை எங்கே என்று இன்றைக்கே பத்து வக்கீல் தேடிக்கொண்டிருப்பான்! (சிரிப்பு)

"விதியை அப்படியே கடைப்பிடித்தால் போதுமே" என்பார் எதிரணித் தலைவர். கடைப்பிடித்த கதையும் சொல்கிறேன், நம்ம ஆள் ஓடிய கதை. கோவை நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர். ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் அந்தத் தளத்தின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ஒரு கார் சுவரில் மோதியது. "வேகம் குறைய வளைவில் ஒரு தடுப்பு வையுங்கள்" என்றார்கள். விதியில் இடமில்லை என்றது சம்மேளனம். 20 கார் கிளம்பியது. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் 14 கார் கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. மிச்சம் 6 கார் பந்தயம் ஓட்டியது! நம்ம நாராயண் 4-வது, 5 புள்ளி. இந்தியருக்கு வந்த முதல் புள்ளி. நாராயண் ஒரு தப்பும் செய்யவில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினார். ஆனால் கூலியை மிச்சம் பிடித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பந்தயம் பார்க்க வந்த அப்பன் என்ன பாவம் செய்தான்? அங்கே விதி ஜெயித்தது. விளையாட்டு தோற்றது! (கைதட்டல்)

இனி என் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிடுகிறேன். 1956, இத்தாலியின் மோன்சா. பீட்டர் காலின்ஸ் என்ற 24 வயது இளைஞன். ஜெயித்தால் உலக சாம்பியன் ஆகும் வாய்ப்பு கையில் இருந்தது. அதே அணியின் மூத்தவர் ஃபான்ஜியோவின் கார் பழுதாகி நின்றது. அந்தக் காலத்தில் ஒருவர் காரை இன்னொருவர் வாங்கி ஓட்டலாம். காலின்ஸ் இறங்கித் தன் காரைக் கொடுத்தார். ஃபான்ஜியோ சாம்பியன் ஆனார். "எனக்கு வயது இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்ற நினைப்பு. இரண்டே வருஷம், 1958-ல் ஜெர்மனியில் விபத்தில் போய்விட்டார். பட்டம் வாங்காமலே போனார். ஆனால் பட்டம் வாங்கிய எத்தனையோ பேரை மறந்த உலகம் காலின்ஸை மறக்கவில்லை.

அதே 1958, போர்ச்சுகல். ஸ்டிர்லிங் மாஸ் ஜெயித்தார். இரண்டாவது வந்த ஹாதார்ன் தளத்தில் எதிர்த்திசையில் காரை விட்டார் என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்யப் பார்த்தார்கள். மாஸ் சும்மா இருந்திருந்தால் போதும். பட்டத்துக்குப் போட்டி போடுகிற எதிரி தானே ஒழிகிறான்! மாஸ் போய்ச் சாட்சி சொன்னார்: அவர் தளத்தில் வரவில்லை, ஓரத்து நடைபாதையில்தான் வந்தார். புள்ளி ஹாதார்னுக்கே நின்றது. வருஷக் கடைசியில் கணக்கு: ஹாதார்ன் 42, மாஸ் 41. ஒரு புள்ளி! 4 பந்தயம் ஜெயித்த மாஸ், ஒரே ஒரு பந்தயம் ஜெயித்த ஹாதார்னிடம் பட்டத்தை இழந்தார். 2020-ல் இறக்கும்வரை அவருக்கு அந்தப் பட்டம் வரவேயில்லை. எந்த விதி அவரைச் சாட்சி சொல்லச் சொன்னது? எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு? சொல்லுங்கள் பார்ப்போம்! (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே ஒரு விஷயம்.

இது வெறும் பணக்காரர் விளையாட்டுக் கதை என்று இங்கே யாரும் நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டுகிற தம்பிகளுக்கு நான் சொல்வது புரியும். இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாது. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே ஆபத்தான எந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்றது. விதி இருக்கிறது. ஆனால் டார்கெட் முடியவில்லை என்றால்? ஒரு பொத்தானில் கட்டையை வைத்துக் கம்பியால் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டு என்பார்கள். அதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். "பக்கத்து லைன்காரன் உன்னைவிட வேகம்" என்பார்கள், அவ்வளவுதான்! ஃபெராரிக்காரன் காதில் சொன்ன அதே வார்த்தை! அங்கே போனது ஒரு வெற்றி. இங்கே போவது விரல் ஐயா, விரல்! (கூட்டத்தில் அமைதி, பிறகு கைதட்டல்)

2014-ல் ஜப்பானில் மழையில் ஜூல்ஸ் பியாங்கி என்ற இளைஞன், பழுதான காரை எடுக்க நின்ற டிராக்டரில் மோதி, அடுத்த வருஷம் இறந்தான். அப்போது அங்கே எச்சரிக்கைக் கொடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகு 2015-ல் எல்லாக் காரும் அந்தந்த இடத்திலேயே வேகம் குறைக்க வேண்டும் என்று புது விதி வந்தது. 2023-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலேயே ஜனவரியில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் 13 வயது மோட்டார் சைக்கிள் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். இரண்டு முறையும் மிச்சப் போட்டிகளை நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் வேண்டும். விதி என்பது யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்த பிறகு எழுதப்படுகிற வரி. அது எழுதப்படும்முன் அடுத்தவன் உயிரைக் காப்பாற்ற இருப்பது ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஓடுகிறவனுடைய மனம்.

எனக்கு விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட் வேண்டும், கேட்டை மூடுகிற ஆளும் வேண்டும். ஆனால் கேட் போட்ட பிறகு தடுப்புக்குக் கீழே குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறானே, அவனை எந்தக் கேட் தடுக்கும்? போகலாம், வழி இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும், "நான் நிற்கிறேன்" என்று நிற்கிறானே ஒருத்தன், அவனை எந்த விதி நிறுத்தியது? வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். அதைத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு மட்டும் எழுதவில்லை. ஓட்டுகிறவருக்கும், ஓட்டச் சொல்கிறவருக்கும் சேர்த்துத்தான் எழுதினார்.

ஆகவே விளையாட்டில் நேர்மைக்கு எல்லை போடுவது விதியாக இருக்கலாம். அந்த எல்லையைக் காப்பது மனமே, மனமே, மனமே என்று கூறி, எங்கள் அணிக்கு நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)